வளையமிட்ட கால்கள்: பறவையியலாளர் சலீம் அலியின் ஆய்வு வாழ்க்கை

எங்கள் மாதப் பேச்சு வரிசையில் அரசியல் தலைவர்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறோம். இம்முறை ஒரு பறவை ஆய்வாளரைப் பற்றிப் பேசுவோம். அவர் தமிழர் அல்லர். பம்பாயில் பிறந்த சலீம் அலி. ஆனால் எங்கள் கடலுக்கு அக்கரையில், கோடிக்கரையில், அவர் செய்த வேலைக்கும் எங்கள் குடும்பங்கள் வந்த வழிக்கும் ஒரு தொடர்பு உண்டு.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்களுக்குக் கோடிக்கரை தெரியும். பூங்குழலி படகு வலித்து இலங்கைக்குப் போகும் கரை அதுதான். அங்கிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், வடமராட்சிப் பக்கமிருந்து வேதாரணியம், கோடிக்கரைப் பக்கத்துக்கும் போன படகுகளில் எங்கள் நேயர்களில் சிலரோ அவர்களின் பெற்றோரோ இருந்திருப்பார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்து, இலக்கத்தோடு ஒரு துண்டு வாங்கி, பிறகு கனடா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சிதறியதுதான் பலருடைய கதை. அதே நீரிணைக்கு மேலாக ஒவ்வொரு வருடமும் புரட்டாதி, ஐப்பசியில் ஆயிரக்கணக்கான பறவைகள் தெற்கே போகின்றன. மாசி, பங்குனியில் திரும்புகின்றன. அவற்றின் காலிலும் இலக்கம் பொறித்த வளையம் பூட்டிப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு வேலையை இந்தியாவில் பெரிய அளவில் தொடக்கி வைத்தவர் சலீம் அலி.

அவர் பிறந்தது 1896 நவம்பர் 12. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தகப்பனையும் மூன்று வயதில் தாயையும் இழந்தவர். பிள்ளை இல்லாத தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் பம்பாய் கேத்வாடியில் அவரையும் சகோதரங்களையும் எடுத்து வளர்த்தார்கள். மாமன் வேட்டைப் பிரியர். பத்து வயது அளவில் மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பையன் சுட்ட குருவிகளில் ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வழக்கமான ஊர்க்குருவிதானா, முஸ்லிம் ஒருவர் உண்ணலாமா என்று மாமனிடம் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார்.

மில்லார்ட் அந்த வெள்ளைக்காரக் கந்தோரின் வாசலில் நின்ற சிறுவனைத் திருப்பி அனுப்பவில்லை. குருவியின் பெயரைச் சொன்னார். அலுமாரி இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். வாசிக்கப் புத்தகம் கொடுத்தார். தோலுரித்துப் பதப்படுத்தப் பழக்குவதற்கு கின்னியர் என்ற காப்பாளரிடம் ஒப்படைத்தார். கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லப் பெரியவர் ஒருவர் நேரம் ஒதுக்கினார். பின்னாளில் இந்தத் துணைக்கண்டத்துப் பறவையியல் வளர்ந்தது அந்த அரை மணித்தியாலத்திலிருந்துதான் என்று சொன்னால் மிகையில்லை.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். 1913-இல் மெற்றிக்குலேசன் ஒருவாறு தேறினார். கல்லூரியில் முதலாம் வருடத்திலேயே கணக்கு உதைத்தது. குடும்பத்தார் அவரைப் பர்மாவில் தவோய் என்ற இடத்துக்கு, சொந்தக்காரரின் வுல்பிரம் சுரங்கத்தையும் மர வியாபாரத்தையும் பார்க்க அனுப்பினார்கள். வியாபாரம் தேறவில்லை, காட்டில் பறவை பார்த்தது மட்டும் மிஞ்சியது. இடையில் பம்பாய் வந்து வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். புனித சவேரியார் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர், இவருக்கு எது உண்மையில் பிடிக்கும் என்று கண்டு, விலங்கியல் வகுப்பில் இருக்கச் செய்தார். 1918-இல் தெஹ்மினாவை மணமுடித்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலை கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அரும்பொருட்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை, மாதம் 350 ரூபாய். பார்வையாளருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பேர்லின் அரும்பொருட்காட்சியகத்தில் எர்வின் ஸ்திரேசமான் என்ற பேராசிரியர் அவருக்கு ஆசானானார். பிற்காலத்தில் பரிணாமவியலில் உலகப் புகழ் பெற்ற ஏர்ணஸ்ற் மையரும் அங்கே அறிமுகமானார். வடகடலில் உள்ள ஹெலிகோலாந்துத் தீவில் பறவைகளைப் பிடித்து வளையமிடும் வித்தையைக் கற்றதும் அந்தப் பயணத்தில்தான். போகிற போக்கில் ஒரு செய்தி: பேர்லினில் அவர் சந்தித்த இந்தியர்களில் செண்பகராமன் பிள்ளையும் ஒருவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு பேச்சு வைக்கலாம்.

1930-இல் ஊர் திரும்பினால் வேலை இல்லை. நிதி போதாது என்று பதவியையே எடுத்துவிட்டார்கள். புதிதாகப் படித்துக்கொண்டு வந்தவர், மனைவியுடன், வருமானம் இல்லாமல் நின்றார். இந்த நிலைமையை எங்கள் நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் இங்கே வந்து முதல் வருடம் என்ன வேலை செய்தார்கள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற கதை.

பட்டணத்தில் வாடகை கொடுத்துக் கட்டாது என்பதால் இருவரும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக் கொண்டிருந்தன.

தூக்கணாங்குருவியை எங்களில் யாருக்குத்தான் தெரியாது? வன்னியில் வயற்கரைப் பனையிலும் ஈச்சையிலும், கிணற்றுக்கு மேலே சாய்ந்த மரக்கிளையிலும், சுரைக்குடுவைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல் ஆடும் கூடுகள். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய்க் கூட்டைப் பறிகொடுத்த குருவியின் கதையைப் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். கூட்டுக்குள் களிமண் அப்பி, அதில் மின்மினியை ஒட்டி வெளிச்சம் வைக்கும் என்றும் சொல்வார்கள். களிமண் அப்புவது உண்மை. விளக்கு வைப்பது கதை.

அக்காலத்து வெள்ளைக்கார இயற்கையியலாளர்களுக்கும் அந்தக் கூடுகளில் ஒரு புதிர் இருந்தது. ஒரு மரத்தில் முழுமையான கூடுகள் சில, அரைகுறையாகக் கைவிடப்பட்டவை பல. ஏன் இந்த வீண் வேலை? ஆண் குருவி தான் இருந்து ஆடுவதற்குக் கட்டுகிறது என்று சிலர் எழுதி வைத்தார்கள். அக்காலப் பறவையியல் பெரும்பாலும் துப்பாக்கியும் அளவுகோலும்தான்; சுட்டு, அளந்து, பெயரிட்டு, இழுப்பறையில் வைப்பார்கள். ஒரே மரத்துக்கு முன்னால் மாதக் கணக்கில் உட்கார்ந்து, எந்தக் குருவி என்ன செய்கிறது என்று குறித்தவர்கள் மிகக் குறைவு.

சலீம் அலிக்கு நேரம் மட்டும்தான் நிறைய இருந்தது. 1930-இன் மழைக்காலம் முழுவதும் அவர் உட்கார்ந்து பார்த்தார். கண்டது இதுதான். முதலில் வருவது ஆண்கள். புல்லையும் ஓலையையும் அலகால் நீளக் கிழித்து, முடிச்சுப் போட்டு, வளையம் பின்னி, தலைக்கவசம் போன்ற நிலைக்குக் கூட்டைக் கொண்டுவருகின்றன. ஒரு கூடு முடிய ஐந்நூறு தடவை வரை நார் எடுக்கப் பறக்க வேண்டியிருக்கும். அரைவாசி கட்டிய கட்டத்தில் பெண்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஆண்கள் சிறகடித்துக் கூப்பிட, பெண் ஒவ்வொரு கூடாக உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்து, வெளியே வந்து, அடுத்ததற்குப் போகும். பிடித்தால் தங்கும். அதன் பிறகுதான் ஆண் அந்தக் கூட்டின் மீதியைக் கட்டி, நீண்ட குழாய் வாசலை வைக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஐயா அதே மரத்தில் அடுத்த கூட்டுக்கு அத்திவாரம் போடுகிறார். அதற்கு இன்னொரு பெண். குஞ்சு வளர்க்கும் பாடு பெரும்பாலும் தாய்க்குத்தான். அரைகுறையாகக் கிடந்தவை விளையாட்டுக் கூடுகள் அல்ல. பெண்கள் வந்து பார்த்து வேண்டாம் என்று விட்டுப்போன வீடுகள்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணை சேரும் இந்த முறையை அவர் 1931-இல் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரையாக வெளியிட்டார். பறவையின் உடலை அல்ல, நடத்தையை ஆராய்ந்து இந்தியர் ஒருவர் எழுதிய முன்னோடிக் கட்டுரைகளில் அது ஒன்று. ஆய்வுகூடம் இல்லை, சம்பளம் இல்லை, பட்டம் இல்லை. ஒரு மரம், ஒரு குறிப்புப் புத்தகம், வீட்டுச் செலவைக் கட்டுப்படுத்தி அவரைப் பார்க்க விட்ட மனைவி. கடைசியாகச் சொன்னதைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் அந்த ஆய்வின் பாதி தெஹ்மினாவுடையது.

பிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்தது. சமஸ்தானங்களுக்குப் பறவைக் கணக்கெடுப்புச் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம், பயணச் செலவைத் தாருங்கள் என்று கேட்டார். ஹைதராபாத், பின்னர் 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி என்று மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போனார்கள். தெஹ்மினாவும் கூடவே கூடாரத்தில் இருந்தார். அந்தத் திருவிதாங்கூர்ப் பயணத்தில் கிடைத்த பொன்முதுகு மரங்கொத்தியின் ஒரு கிளை வகைக்கு விஸ்லர், கின்னியர் என்ற இரு பிரித்தானியர்கள் 1934-இல் தெஹ்மினாவின் பெயரைச் சூட்டினார்கள். கின்னியர் யாரென்றால், சிறுவனுக்குத் தோலுரிக்கப் பழக்கிய அதே காப்பாளர்தான்.

இங்கே எங்களுக்கு ஒரு சுவையான விடயம் இருக்கிறது. அதே மரங்கொத்தியின் இன்னொரு கிளை வகை எங்கள் வடபகுதியில் வாழ்கிறது. விஸ்லர் காலமான பின்னர் 1944-இல் வெளியான இலங்கைப் பறவைகள் பற்றிய நூலில் அதற்கு அவர் வைத்த பெயர் 'ஜஃப்னென்ஸ்'. அதாவது யாழ்ப்பாணத்தது. கொழும்புப் பக்கம் கண்ட மரங்கொத்திக்கு முதுகு சிவப்பு. யாழ்ப்பாணத்ததற்குப் பொன் மஞ்சள். நடுவில் இரண்டும் சந்திக்கும் பகுதியில் கலந்து குஞ்சு பொரிக்கின்றன என்பதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்துச் சம்பத் செனவிரத்னவும் அவரோடு சேர்ந்தவர்களும் மரபணு வரை பார்த்து 2016-இல் எழுதினார்கள். பறவைகளின் கலப்பு வலயத்துக்கு யாரும் காவலரண் போடவில்லை.

1939-இல் ஒரு சிறு சத்திரசிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா காலமானார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை; தமக்கை வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குள் மூழ்கினார். 1941-இல் அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் வந்தது. சாதாரண மனிதர் கையில் எடுத்து, படத்தைப் பார்த்து, முற்றத்தில் நிற்பது இன்ன பறவை என்று சொல்லக்கூடியதாக இந்தியாவில் வந்த புத்தகம் அது. பதிப்புக்குப் பதிப்பு விற்றது.

இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்க்கைக்குள் ஓர் அகதி வருகிறார். பெயர் லோக் வான் தோ. கோலாலம்பூரில் பெரும் பணக்கார வீட்டில் 1915-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, சிங்கப்பூரில் திரைப்பட மாளிகைகள் நடத்தியவர். 1942 பெப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்க, கடைசி நேரத்துக் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார். பங்கா நீரிணையில் கப்பலுக்குக் குண்டு விழுந்தது. உடல் எரிந்து, சில காலம் கண் தெரியாமல் போய், மீட்கப்பட்டு, ஈற்றில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். சொத்தெல்லாம் எதிரி பிடித்த நாட்டில். போர் முடிய எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் பம்பாயில் சலீம் அலியைச் சந்தித்து, அவருடைய களப்பயணங்களில் சேர்ந்துகொண்டு, பறவைகளைப் படம் பிடிக்கலானார். பார்வை போய் வந்த கண்ணால் அவர் எடுத்த படங்கள் ஆசியாவின் மிகச் சிறந்த பறவைப் படங்களுக்குள் வைத்து எண்ணப்பட்டன.

போர் முடிந்து சிங்கப்பூர் திரும்பி, மீண்டும் செல்வந்தரானபோது அவர் பம்பாயை மறக்கவில்லை. சலீம் அலியின் பயணங்களுக்கும் நூல்களுக்கும் தொடர்ந்து பணம் அனுப்பினார். 1964 யூன் 20-ஆம் திகதி தாய்வானில் விமான விபத்தில் இறந்தார். சலீம் அலி இறந்ததும் ஒரு யூன் 20-ஆம் திகதிதான், இருபத்து மூன்று வருடங்களுக்குப் பின்னர். தஞ்சம் கொடுத்த ஊருக்குக் கடன் தீர்ப்பது என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசுவோம் அல்லவா? லோக் தீர்த்த விதம் ஒரு நல்ல உதாரணம். அவர் மேடையில் அதைப் பற்றிப் பேசியதாகவும் தெரியவில்லை.

1945-இல் கச்சுப் பாலைவனச் சதுப்பில் சலீம் அலி ஒட்டகத்தில் போய்ப் பார்த்த பூநாரை நகரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆழமற்ற உப்பு நீருக்கு நடுவே, மண்ணைக் குவித்துக் கட்டிய கூடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. குஞ்சும் பெரிதுமாக ஏறத்தாழ ஐந்து இலட்சம் பூநாரைகள் என்று மதிப்பிட்டார். மன்னார், யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளில் எங்கள் பெற்றோர் கண்ட பூநாரைகள் அங்கே முட்டையிடுவதில்லை. மாரி கழிய எங்கோ போய்விடும். அந்த எங்கோ எது என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது முதலில் விரல் வைக்கப்படும் இடம் கச்சு.

எங்கோ என்பதை உறுதிப்படுத்த அன்று இருந்த ஒரே வழி வளையம். டென்மார்க்கில் மோட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1899-இல் மைனா இனப் பறவைகளின் காலில் இலக்கமும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையம் பூட்டி விட்டதிலிருந்து தொடங்கிய முறை. ஆயிரம் பறவைக்கு வளையமிட்டால் ஒன்றிரண்டுதான் வேறெங்காவது யார் கையிலாவது அகப்படும். அகப்பட்டவர் எழுத வேண்டும். பம்பாய்க் கழகத்து வளையத்தில் பொறித்திருந்தது ஒரு சிறு வேண்டுகோள்: பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிவிக்கவும் என்பதுதான்.

இந்த வேலைக்குப் பெரும் பணம் வந்த வழி விசித்திரமானது. 1957-இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. கண்டுபிடித்த கிருமி, ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணியைக் காவி வந்தனவா? உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் கழகம் வளையமிடத் தொடங்கியது. பிறகு அமெரிக்க இராணுவத்தின் நோயியல் நிறுவனத்துடன் இணைந்த ஆசிய அளவிலான ஒரு திட்டம் பணம் தந்தது; எலியட் மக்லூர் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அதன் தலைவர். 1960-களில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இந்தப் பணத்தில் வளையம் ஏறியது. ஆனால் பறவைகள்தான் அந்தக் கிருமியைக் கொண்டுவந்தன என்பது நிறுவப்படவில்லை.

நிறுவப்படாத இன்னொன்றும் பரவியது. அமெரிக்க இராணுவம் பறவை மூலம் கிருமி யுத்தம் செய்யப் பார்க்கிறது, சலீம் அலி அதற்கு உடந்தை என்று பத்திரிகைகள் எழுதின; பாராளுமன்றம் வரை போனது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர் தம் நாட்டுப்பற்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நேர்மை அல்ல. பணம் எங்கிருந்து வருகிறது, கிடைக்கும் இரத்த மாதிரிகள் எங்கே போகின்றன என்று ஒரு நாடு கேட்பது நியாயமான கேள்வி. அவரோடு பெரிய நூலைச் சேர்ந்து எழுதிய அமெரிக்கர் டில்லன் ரிப்ளி, இரண்டாம் உலகப் போரில் கண்டியில் இருந்து அமெரிக்க உளவுப் பிரிவுக்கு வேலை செய்தவர் என்பதும் உண்மை. சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. என்றாலும் கேள்வி கேட்பது ஒன்று, கேள்வியையே தீர்ப்பாக்குவது வேறொன்று. யாரிடமிருந்து பணம் வந்தது, யாருடைய ஆள் என்று இரண்டு மூன்று நாடுகளின் விசாரணை மேசைகளில் பதில் சொல்லிக் களைத்த சமூகம் நாங்கள். இந்த வேறுபாடு எங்களுக்கு விளங்கும். சலீம் அலி பதில் சொன்னார், வேலையையும் நிறுத்தவில்லை. குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் கழகத்தில் திறந்தே இருந்தன.

கோடிக்கரை இந்த வேலையில் முக்கிய நிலையமானது அதன் அமைவிடத்தால்தான். வடக்கேயிருந்து கரையோரமாக வரும் பறவைக்கு நிலம் அங்கே முடிந்துவிடுகிறது. கடலைத் தாண்டுமுன் இளைப்பாறி, கொழுப்பேற்ற வேண்டும். வேதாரணியச் சதுப்பு, உப்பளம், பக்கத்தில் வறள்காடு என்று மூன்றும் ஒரே இடத்தில். சைபீரியத் துந்திராவில் பொரித்த உள்ளான்கள் சேற்றில் மேயும். இமயத்தின் அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக் குருவி காட்டுக்குள் ஒதுங்கும். அடுத்த சில நாளில் அது யாழ்ப்பாணத்து வேலியோரச் சருகுக்குள் தத்திக்கொண்டிருக்கலாம். 1967-இல் கோடிக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ராம்சர் சாசனத்தின் சர்வதேச முக்கியத்துவ ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

பறவையைக் காயமில்லாமல் பிடிப்பது யார்? அங்கேதான் பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் சமூகத்தவர் வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்தவர்கள். எழுத வாசிக்கத் தெரியாத அலி ஹுசைன் என்ற மிர்ஷிகார், கண்ணியும் வலையும் வைப்பதில் உலக நிபுணராக மதிக்கப்பட்டார். கொக்குகளைப் பிடிக்கக் கற்பிக்க அமெரிக்காவுக்கும் அழைக்கப்பட்டார். விற்பதற்குப் பிடித்த கை, இலக்கம் குறித்து விடுவதற்குப் பிடித்தது. பட்டம் இல்லை என்று ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட சலீம் அலி, பள்ளிக்கூடமே போகாதவரின் அறிவை ஆய்வுக்குள் கொண்டுவந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1980-களிலிருந்து கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் போன்றவர்கள் கோடிக்கரையில் தொடர்ந்து வளையமிட்டும் எண்ணியும் வந்தார்கள். அப்போதுதான் கசப்பான உண்மையும் தெரிந்தது: வரும் கரையோரப் பறவைகளின் தொகை முன்பிருந்ததை விட வெகுவாகக் குறைந்துவிட்டது. உப்பளங்கள் பெருத்தது ஒரு காரணம். பழைய கணக்கு இருந்தபடியால்தான் குறைந்தது என்று சொல்ல முடிகிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துப் பாகக் கைந்நூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. அதன் நீண்ட தலைப்பில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், சிக்கிம், பூட்டான், இலங்கை என்று எல்லாம் வரிசையாக வரும். யுத்தம் செய்து பிரிந்த நாடுகளை ஒரே அட்டைக்குள் வைத்த புத்தகம். 1976-இல் பத்ம விபூஷண் விருதும், ஐம்பதாயிரம் டொலர் கெற்றி விருதும் கிடைத்தன. அந்த டொலர்களைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1985-இல் சுயசரிதை வந்தது. அதன் தலைப்பிலேயே அந்த மஞ்சள் தொண்டைக் குருவி இருக்கிறது: 'ஒரு குருவியின் வீழ்ச்சி'. 1987 யூன் 20 அன்று, தொண்ணூறாவது வயதில் காலமானார். 1990-இல் கோயம்புத்தூரில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது.

எங்கள் கரையில் அந்த வேலை போரால் பல வருடம் முடங்கிக் கிடந்தது. மிதிவெடி விதைத்த ஏரிக்கரையில் யார் பறவை எண்ணுவது? 2008-இல் மன்னார் வங்காலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. முன்பு சொன்ன சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் சிறு செய்மதிக் கருவி பூட்டியது. 'மேகா' என்று பெயரிட்ட ஒன்று 2021-இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனதைக் கணினித் திரையில் பார்த்தார்கள். அலுமினிய வளையத்தில் நூறு வருடம் பார்த்தும் கிடைக்காத வழி, ஒரு பருவத்தில் கோடாக விழுந்தது.

அந்தக் கோடுகள் இப்போது வழக்குகளிலும் பயன்படுகின்றன. மன்னார்த் தீவில் முப்பது காற்றாலைகள் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு மேல் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் கேட்ட திட்டத்தை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. வலசைப் பாதை முக்கிய வாதங்களில் ஒன்று. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக் கொண்டது. வேறு காற்றாலைகளுக்கு எதிராக அதே வருடம் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மின்சாரமும் வேண்டும், காணியும் வெள்ளம் வடியும் வழியும் வேண்டும், பறவையும் வேண்டும். இங்கிருந்து ஊருக்கு உதவி செய்யும் சங்கங்கள் இந்த விவாதத்தைப் பறவைப் பைத்தியங்களின் சண்டை என்று ஒதுக்காமல் இரு பக்கத்து ஆவணங்களையும் வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் எங்கள் உறவினர்தான்.

ஃபிரிஸ்கோவுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் முப்பத்து நாலாயிரத்துக்கும் குறைவான சனம். 2020-இல் இரண்டு இலட்சம். புல்வெளி இருந்த இடத்தில் நாங்கள் இருக்கிறோம். என்றாலும் பறவைகள் போய்விடவில்லை. மாரிக்கால மாலைகளில் கடைத்தெருக் கார் தரிப்பிடங்களில் கூச்சலிடும் நீண்ட வால் கறுப்புப் பறவைகளைப் பார்க்காதவர் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவற்றைக் காகம் என்றே சொல்கிறார்கள், பிள்ளைகள் திருத்துகிறார்கள். ஒரு மணித்தியாலம் வடக்கே ஓடினால் டெக்சோமா ஏரிக்கரையில் ஹாகர்மன் வனவிலங்குப் புகலிடம். அரசாங்கப் பலகையில் 'புகலிடம்' என்று எழுதியிருக்கும். மாரியில் வடதுருவப் பக்கமிருந்து வரும் வெண் வாத்துகள் அங்கே தங்கும்.

மார்ச் மாதமளவில் தகைவிலான்கள் வந்து நெடுஞ்சாலைப் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் அடியில் சேற்று உருண்டைகளால் கூடு கட்டுகின்றன. செந்நிறத் தொண்டை, இரட்டை வால். யாழ்ப்பாணத்தில் மாரிக்காலத்து மின்கம்பிகளில் வரிசையாக இருந்தவையும் இதே இனம்தான். அவை ஆசியாவின் வடக்கிலிருந்து அங்கே போகின்றன, இவை தென்னமெரிக்காவிலிருந்து இங்கே வருகின்றன. வாசல் நிலைக்கு மேல் கட்டினால் எச்சம் விழுகிறது என்று இடிக்க நினைப்பவர்களுக்கு ஓர் அறிவித்தல்: 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டத்தின்படி முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியில்லாமல் அகற்றுவது குற்றம். கீழே ஒரு மட்டையைக் கட்டிவிட்டால் எச்சம் நிலத்தில் விழாது. பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்து, முதல் சேற்று உருண்டை எந்தத் திகதி, முதல் முட்டை எந்தத் திகதி, தாயும் தகப்பனும் மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை தீன் கொண்டு வருகின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். கிஹிமில் சலீம் அலி வைத்திருந்தது ஏறக்குறைய அதே மாதிரியான கொப்பிதான்.